ஒரு கார்டின் பெறுமதி

125,000 ரூபா. மூத்த மகன் அந்தத் தொகையைக் கடைச் சிட்டையொன்றின் பின்புறத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு, மேசைக் கண்ணாடிக்கடியில் செருகிவிட்டு ளுஹர் தொழப் போயிருந்தான். நேருக்கு நேர் காசு கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை. சிட்டையில் வேறொன்றும் இல்லை. எதற்கென்று எழுதவேண்டிய தேவையும் இல்லை. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் பேசப்பட்டு வருகிற விடயந்தான். ஆர்.டி.எக்ஸ். 4060 என்றொரு கார்ட்.

இது நடந்தது 2024 ஒக்டோபரில். ஹட்டனில் விடாத மழை. ஸ்டூடியோ கதவைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்து கெமரா அலுமாரியில் குந்திக்கொள்ளும் காலம். அந்த அலுமாரிக்குள் இரவும் பகலும் ஒரு குண்டு பல்ப் எரியும். எரியாவிட்டால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படர்ந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே படம் பிடித்துப் பிழைப்பவனுக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவதுதான் காசு.

எங்கள் பக்கத்தில் அந்தச் சாமானை யாரும் கிரபிக்ஸ் கார்ட் என்று சொல்வதில்லை. கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவிலும் சரி, கண்டியிலும் சரி, 'வீ.ஜீ.ஏ.' என்றுதான் கேட்கவேண்டும். 1987இல் ஐ.பி.எம். கொம்பனி தன் கொம்பியூட்டரின் திரைமுறைக்கு வைத்த பெயர் அது. அந்த முறை எப்போதோ வழக்கொழிந்து போயிற்று. பெயர் மட்டும் இலங்கையில் தங்கிவிட்டது, துரைமார் கப்பலேறிப் போன பிறகும் துரை பங்களா என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் போல.

அது என்ன வேலை செய்கிறது என்று ஒருநாள் என் மனைவி கேட்டாள். காசு கொடுக்கப் போகிறோமென்றால் அவளுக்கு விளங்கத்தானே வேண்டும். மகன் ஆங்கிலச் சொற்களாக அடுக்கினான். அவளுக்கு ஏறவில்லை. நான் இப்படிச் சொன்னேன்: கொம்பியூட்டரின் மூளை நான்கு கணக்கப்பிள்ளைமார் மாதிரி. எந்தச் சிக்கலான கணக்கையும் போடுவார்கள், ஆனால் நாலே பேர். கார்ட் என்பது மலையில் நிரைபிடித்து நிற்கிற கொழுந்துக்காரிகள். ஒருத்திக்குத் தெரிந்தது ஒரு வேலைதான், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கிள்ளுகிறார்கள். வீடியோவின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போடவேண்டியிருப்பதால், அங்கே கணக்கப்பிள்ளையைவிடக் கொழுந்துக்காரிகளே பிரயோசனம். எங்களிடமிருந்த 1050 டி.ஐ. கார்டில் அப்படி 768 பேர். மகன் கேட்கிற 4060இல் 3,072 பேர்.

"அப்ப நாலு மடங்கு கொழுந்து விழுமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

என் வாப்பா பொட்டணி வியாபாரி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோளில் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களுக்கெல்லாம் நடந்தவர். சம்பளத்தன்று கடனுக்குக் கொடுத்து அடுத்த சம்பளத்தன்று தவணை வாங்குவார். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. சேலையின் விலையை ரூபாவில் எழுதிப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதியிருப்பார். அந்தச் சேலைக்கு அந்தக் குடும்பம் எத்தனை 'பேர்' போடவேண்டும் என்ற கணக்கு அது. தோட்டத்தில் ஒருநாள் வேலை ஒரு பேர். நிறுவைக்குக் கொழுந்து போதாவிட்டால் அரைப்பேர். "ரூவா கூடும் குறையும் மகன், பேர்தான் சரியான முழக்கோல்" என்பார். ஆறு பேருக்கு மேலே போகிற சேலையை எத்தனை தரம் கேட்டாலும் அந்த லயத்தில் கடனுக்குக் கொடுக்கமாட்டார். வாங்கியவளுக்கும் நிம்மதியில்லை, விற்றவனுக்கும் நிம்மதியில்லை என்பது அவர் கட்சி.

மகனின் சிட்டையைக் கையில் எடுத்ததும் எனக்கு முதலில் வந்தது அந்தக் கணக்குத்தான். அதற்கு முந்திய மாதம், 2024 செப்டெம்பரில்தான், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கியிருந்தார்கள். 2021இல் ஆயிரம் ரூபாவானதற்கே எத்தனை ஊர்வலம், எத்தனை பேச்சுவார்த்தை! 125,000ஐ 1,350ஆல் வகுத்தால் 93 பேர். ஒருநாளும் அரைப்பேர் விழாமல், அட்டைக்கடியும் மழையும் பாராமல் 93 நாள் மலைக்குப் போன ஒரு பெண்ணின் முழுச் சம்பளம், என் உள்ளங்கையளவு விசிறி இரண்டு பூட்டிய ஒரு தகட்டுக்கு.

நான் கொழுந்து கிள்ளுகிறவனல்லவே, அவர்கள் சம்பளத்தில் என் சாமானை ஏன் அளக்கவேண்டும் என்று யாரும் கேட்கலாம். என்னிடம் வருகிற காசு அந்தப் பேரிலிருந்துதானே வருகிறது? கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா, வெளிநாடு போகிற பிள்ளைக்குப் பாஸ்போட் படம் எல்லாமே லயத்துக் காசுதான். ஒரு கலியாண வீடியோவில் இரண்டாவது கெமராக்காரனுக்கும் அல்பத்துக்கும் வாகனத்துக்கும் கொடுத்த பிறகு எனக்கு மிஞ்சுவது 8,000 ரூபாவளவில். கார்டுக்குப் பதினாறு கலியாணம். ஆடியிலும் மார்கழியிலும் அவர்கள் கலியாணம் வைப்பதில்லை. மீதி மாதங்களில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. 2019இல் 41 கலியாணம் எடுத்த நாங்கள் 2024இல் அந்த ஒக்டோபர்வரைக்கும் எடுத்தது 19.

அப்படியானால் கதை அன்றே முடிந்திருக்கவேண்டும். ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு பெண் காரணம்.

சிட்டை எழுதப்பட்டதற்கு முதல் நாள் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை கடைக்கு வந்தது. முப்பது வயதிருக்கும். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். அவளுடைய லயம் சில வருடங்களுக்கு முன்னால் தீப்பிடித்து எரிந்தது. லயங்களில் நெருப்புப் பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை, தகரக் கூரையின் கீழே வரிசையாக ஓடும். பிறப்புச் சான்றிதழிலிருந்து படங்கள்வரை ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுடைய தாய் அதற்கு முன்னரே, 2011இல் மௌத்தாகிவிட்டிருந்தார். தாயின் ஒரு படமும் அவளிடம் இல்லை. அடையாள அட்டையும் எரிந்து போயிற்று.

"நானா, 2006ல எங்க மாமா கலியாணத்த நீங்கதான் வீடியோ புடிச்சீங்க. அதுல எங்கம்மா சீர்த்தட்டுத் தூக்கிக்கிட்டு வருவாங்க. அந்தக் கசெட்டு இருக்குங்களா?"

இருந்தது. மினி டீ.வீ. கசெட்டுகளை நான் எறிவதில்லை. பிஸ்கட் டின்களில் அடுக்கி, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, முந்நூறளவில் வைத்திருக்கிறேன். இடத்தை அடைக்கிறதென்று வீட்டில் ஏச்சு. கசெட் இருந்தால் மட்டும் போதாதே, ஓட்டுவதற்குப் பழைய கெமராவும் வேண்டும். எங்களுடையதில் ஹெட் தேய்ந்து, படம் நடுநடுவே சதுரம் சதுரமாக உடையும். சுத்தம் செய்து, துடைத்து, நாலாம் தடவையில் ஓடியது. சீர்வரிசை வருகிற இடத்தில் பதினொரு விநாடி. அதில் மூன்று விநாடி நான் சூம் செய்திருக்கிறேன். ஏன் செய்தேனென்று ஞாபகமில்லை. தட்டில் வைத்திருந்த அன்னாசிப்பழத்துக்காகவும் இருக்கலாம்.

அவள் திரையில் கைவைக்கப் பார்த்து, பிறகு கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கடையில் ஒருவரும் பேசவில்லை. "மொகம் தெளிவாத் தெரியிற மாதிரி ஒரு படம் போட்டுத் தருவீங்களா, பெருசா, சொவத்துல மாட்ட" என்றாள்.

மகன் உடனே தலையாட்டினான். அவள் போன பிறகு என்னிடம் சொன்னான்: "வாப்பா, ஏ.ஐ. வெச்சு அந்தப் படத்தக் கிளியர் பண்ண ஏலும். எங்கட கார்டுக்கு ஏலாது. ஒங்களிட்ட முந்நூறு கசெட் ஈக்கிது. ஹட்டன்ல ஒருத்தரும் செய்யாத வேல இது." அடுத்த நாள் கண்ணாடிக்கடியில் சிட்டை.

இதை எழுதும்போது அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். 2021இலேயே கேட்டவன் அவன். அந்த வருடம் பெப்ரவரியில் 3060 கார்ட் வெளியானபோது என்விடியா குறித்த விலை 329 டொலர். அந்த விலைக்கு உலகத்தில் எங்கும் அது சரியாகக் கிடைக்கவில்லை. ஈத்தரியம் என்ற மின்காசைத் தோண்டுவதற்காகக் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். விலை இறங்கட்டும் என்றேன். இறங்கவில்லை, ரூபாதான் இறங்கியது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200ஐ அண்டி நின்ற டொலர் மே மாதமளவில் 360 ஆயிற்று. அந்த மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. கொம்பியூட்டரே ஓடாத ஊரில் கார்ட் என்னத்துக்கு? பிறகு 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிற்று. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாயிற்று. ஒவ்வொரு முறையும் நான் சொன்ன சொல் ஒன்றுதான்: "கொஞ்சம் பொறு மகன்." பொறுத்தவன் கேட்பதைத் திரும்பவும் தட்டிவிட எனக்கும் மனம் கூசியது.

பாவித்த கார்ட் வாங்குவதையும் யோசித்தோம். 2022 செப்டெம்பர் 15இல் ஈத்தரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு கார்டால் அதைத் தோண்டுகிற வேலை நின்றுபோயிற்று. இரவு பகலாகச் சூட்டில் ஓடிய கார்டுகள் உலகமெங்கும் பாவித்த சந்தைக்கு வந்தன. கண்டியில் ஒரு பொடியன் 65,000 ரூபாவுக்கு ஒரு 3060 காட்டினான். "வீட்ல கேம் மட்டுந்தான் விளையாடினது" என்றான். நானும் பழைய கெமரா விற்றிருக்கிறேன். "கலியாண வீட்டுக்கே கொண்டுபோகாத கெமரா" என்று சொல்லித்தான் விற்றேன். அதனால் நம்பவில்லை. புதுக் கார்டைத் தவணைக்குத் தருகிறோம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். வட்டி வேறு பெயரில் உள்ளே இருந்தது. அதை மகனே வேண்டாமென்றான்.

கடைசியில் பரீட்சித்துப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். என் தங்கச்சி மகன் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறான். அவனிடம் 3060 பூட்டிய கொம்பியூட்டர் ஒன்று உண்டு. ஹாட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கண்டி பஸ்ஸில் ஏறினோம். எழுபது நிமிடக் கலியாண வீடியோவொன்றை எங்கள் கொம்பியூட்டர் எக்ஸ்போர்ட் பண்ண ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்திருந்தது. அங்கே 38 நிமிடம். மகனின் முகத்தில் வெளிச்சம். நானும் அசந்துதான் போனேன்.

ஆனால் மருமகன் வேறொன்று கேட்டான். "மாமா, ஒங்கட மெஷின் ஓடக்குள்ள டாஸ்க் மனேஜரைத் திறந்து பாத்தீங்களா?" நாங்கள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தோம். பழைய கார்ட் நூற்றுக்குப் பதினைந்து வீதந்தான் வேலை செய்கிறது. ஹாட் டிஸ்க் நூறில் நிற்கிறது. எட்டு ஜீ.பி. ரெம் முட்டிப்போய், இடமில்லாமல் டிஸ்க்கிலேயே கொட்டிக் கொட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. கொழுந்துக்காரிகள் மலையில் சும்மா நிற்கிறார்கள், கூடையைக் கொட்டி நிறுக்கிற இடத்தில் ஒரே ஒரு கிழவன் தராசோடு நிற்கிறான். இந்த நிலையில் 768 பேரை 3,072 பேராக்கினால் சும்மா நிற்கிறவர்களின் தொகைதான் கூடும். என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

கடன் வாங்கிய ஒரு எஸ்.எஸ்.டி.யையும் இன்னொரு எட்டு ஜீ.பி. ரெம்மையும் பூட்டி அதே வீடியோவை ஓட்டினோம். ஒரு மணி ஐந்து நிமிடம். பழைய கார்டோடுதான். குறையவேண்டிய நேரத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குறைந்துவிட்டது. அந்த இரண்டுக்கும் விலை 22,500 ரூபா. வாப்பாவின் கணக்கில் பதினேழு பேர்.

மகன் விடவில்லை. எக்ஸ்போர்ட் நேரம் ஒரு பொருட்டில்லை என்று நான் சொன்னதுதான் அவனுக்குக் கோபம். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் சுபஹுக்கு எழும்பும்போது முடிந்திருக்கிறது, ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடித்து நான் என்ன செய்யப் போகிறேன் என்றேன். "எக்ஸ்போர்ட் பாத்துக்கொண்டு ஈக்கிறது கொம்பியூட்டர். எடிட் பண்ணக்குள்ள ஒவ்வொரு கட்டுக்கும் திக்கித் திக்கி நிக்கிறதப் பாத்துக்கொண்டு ஈக்கிறது நான்" என்றான். உண்மை. முதுகு வலிக்க இரவிரவாக அந்தக் கதிரையில் இருந்தது அவன்தான், நானல்ல. சிறிய பிரதிகளை முதலில் தயாரித்து அவற்றில் வெட்டித் தொகுக்கிற முறைக்கு மாறினோம். திக்குவது பெரும்பாலும் நின்றது. முழுவதும் நின்றதென்று சொல்லமாட்டேன்.

இன்னுமொன்றும் தெரியவந்தது. எங்கள் கொம்பியூட்டர் 2017இல் வாங்கியது. அதன் மூளை ஏழாம் தலைமுறை ஐ ஃபைவ், நாலே கணக்கப்பிள்ளைமார். 4060 கார்ட் தாய்ப்பலகையோடு பேசுகிற வாசலின் அகலம் சாதாரணமாக இருப்பதில் பாதி. புதிய பலகையில் அது குறையாகத் தெரியாது, எங்கள் பழைய பலகையில் அந்த வாசலின் வேகமும் பாதியாகும். 1050 டி.ஐ.க்கு 75 வாட் போதும், பலகையிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். 4060க்கு 115 வாட்டும் தனி வயரும் வேண்டும். எங்கள் பவர் சப்ளை பெயரில்லாத சீனத்துப் பெட்டி, ஹட்டனின் இடிமின்னலுக்கு ஏற்கெனவே ஒருதடவை பலியானது. இதிலே வேடிக்கை என்னவென்றால், எங்கள் இரண்டாவது கெமராக்காரன் புதிதாக வாங்கிய கெமராவில் எடுக்கிற 4:2:2 வகை வீடியோவை வன்பொருளால் திறக்கிற வசதி 40 வரிசைக் கார்டுகளில் இல்லவே இல்லை. என்விடியா அதை 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தது. கார்டை வாங்கப் போய், பலகை, மூளை, பவர் சப்ளை என்று முழு வீட்டையும் இடித்துக் கட்டவேண்டும் போலிருந்தது.

அப்படியும் அந்தத் தாயின் முகம் பாக்கியிருந்தது.

அதைக் கட்டுகஸ்தோட்டையிலேயே செய்து பார்த்துவிட்டோம். முகங்களைத் தெளிவாக்கும் இலவச மென்பொருள் ஒன்று, 2021இல் வெளியானது. படம் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் வாயடைத்துப் போனோம். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்மணியில் வெளிச்சப் பொட்டு. கன்னம் மழமழவென்றிருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அளவில் அச்சடித்து, சட்டமும் போட்டுக் கடையில் வைத்தோம்.

அவள் வந்தாள். பார்த்தாள். சந்தோசப்படவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவளைப்போல முகத்தை வைத்திருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க நானா. இது எங்கம்மா மாதிரி இல்லீங்க. யாரோ டீச்சரம்மா மாதிரி இருக்காங்க. எங்கம்மாவுக்கு நெத்திக்கு மேல கூடக் கயிறு பதிஞ்ச தடம் கறுப்பா இருக்கும். அதக் காணோம். பல்லு இப்படி வெள்ளையா இருக்காது, வெத்தல போடுவாங்க."

கசெட்டை மீண்டும் ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நெற்றியின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று வரிப் புள்ளிகள் மங்கலாகக் கறுத்திருந்தன. நாங்கள் கசெட் அழுக்கென்று நினைத்திருந்தோம். மென்பொருளும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. இருபது முப்பது வருடம் தலையில் கூடைக் கயிற்றைப் போட்டு இழுத்த தடம், அதற்கு வெறும் தூசு.

அன்றிரவு அந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறதென்று தேடி வாசித்தேன். மினி டீ.வீ. படத்தின் அகலம் 720 புள்ளி, உயரம் 576. இன்றைய சாதாரண எச்.டி. படம் 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் பின்னது முன்னதைவிடச் சரியாக ஐந்து மடங்கு. பழைய கசெட்டை எச்.டி. ஆக்குவதென்றால் ஐந்தில் நாலு பங்குப் புள்ளியை இயந்திரம் தானாக இட்டு நிரப்பவேண்டும். சூம் செய்த இடத்திலேயே அந்தத் தாயின் முகம் 60 புள்ளி அகலந்தான். மீதியை அது எங்கிருந்து எடுக்கும்? தான் முன்னர் பார்த்த முகங்களிலிருந்து. எங்கள் மென்பொருள் பயின்றது 70,000 முகப்படங்களில். என்விடியா ஆய்வாளர்கள் பிளிக்கர் தளத்திலிருந்து சேர்த்தவை அவை. விடுமுறை போனவர்கள், பிறந்தநாள் கொண்டாடியவர்கள் தாங்களே ஏற்றிய படங்கள். நோர்வூட் மலையில் கூடையோடு நிற்பவள் தன் படத்தை அங்கே ஏற்றியிருக்கமாட்டாள். 2020 ஜூனில் இதே மாதிரியான இன்னொரு மென்பொருளுக்குப் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரனின் முகத்தை வரைந்து கொடுத்த செய்தி அப்போது உலகமெங்கும் பேசப்பட்டது. ஒபாமாவுக்கே அந்தக் கதியென்றால் பெயர் பதியாத ஒரு கொழுந்துக்காரிக்கு என்ன நடக்கும்?

இதில் கார்டின் குற்றம் ஒன்றுமில்லை. விலை கூடிய கார்ட் இந்தத் தவறைக் குறைக்காது, சீக்கிரம் செய்து முடிக்கும், அவ்வளவுதான். அந்தப் பதினொரு விநாடி 275 படங்கள். எங்கள் பழைய கார்டே கொஞ்ச நேரத்தில் செய்திருக்கும். அதையும் பிறகு ஓட்டிப் பார்த்தோம், தேநீர் ஊற்றிக் குடிப்பதற்குள் முடிந்தது. எங்கட கார்டுக்கு ஏலாது என்று மகன் சொன்னதும் அதை நான் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டதும் இரண்டு பேருடைய ஆசையாலுந்தான். எனக்கு ஆசையில்லை என்று சொன்னால் அது பொய்.

சட்டத்திலிருந்த படத்தைக் கழற்றினேன். கசெட்டிலிருந்த படத்தில், அசைவால் பல்லுப் பல்லாக உடைகிற கோடுகளை மட்டும் சரிசெய்து, வேறொன்றும் தொடாமல், அளவைச் சிறிதாக்கி அச்சடித்தோம். சிறிதாக்கினால் மங்கல் தெரியாது என்பது பழைய கலர் லெப் காலத்துப் பாடம். அவள் அதை எடுத்துக் கண்ணருகே வைத்தாள், பிறகு கையைத் தூரமாக்கிப் பார்த்தாள். பெரிய படத்தையும் தரட்டுமா என்றேன். வேண்டாமென்றாள். பதினொரு விநாடியையும் போனுக்கு அனுப்பச் சொன்னாள். காசு கொடுக்க வந்தாள். சின்னப் படத்துக்கு மட்டும் வாங்கினேன். இலவசமாகக் கொடுத்திருந்தால் அவள் திரும்பவும் கடைக்கு வரக் கூச்சப்பட்டிருப்பாள். இதுவும் வாப்பாவிடம் கற்றதுதான்.

கார்ட் வாங்கவில்லை. எஸ்.எஸ்.டி.யும் ரெம்மும் 22,500, பாவித்த மினி டீ.வீ. கெமரா ஒன்று 18,000, நாலு டெராபைட் ஹாட் டிஸ்க் ஒன்று 34,000. மொத்தம் 74,500 ரூபா. அந்த முந்நூறு கசெட்டையும் பூஞ்சணம் தின்பதற்கு முதல் இறக்கிவிடவேண்டுமென்று எனக்குப் பட்டது. ஒரு மணித்தியாலக் கசெட்டை இறக்க ஒரு மணித்தியாலமே வேண்டும். உலகத்திலுள்ள எந்த வீ.ஜீ.ஏ.யும் அதை ஒரு நிமிடமாவது குறைக்காது. கசெட் ஓடுகிற வேகத்தில்தான் அது இறங்கும்.

மகன் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் பேசினான், ஆனால் கார்டைப் பற்றி அல்ல. 2025 ஆரம்பத்தில் கண்டி விளம்பரக்காரர் ஒருவர் முப்பரிமாண வேலையொன்று கொண்டுவந்தார். எங்கள் கொம்பியூட்டரில் அது ஏலாது. உண்மையாகவே ஏலாது, இந்தத் தடவை பரீட்சித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். வேலை கைவிட்டுப் போயிற்று. கிடைத்திருந்தால் கார்டின் கால்வாசி விலை அதிலேயே வந்திருக்கும். அதுபோல் இன்னும் மூன்று வந்திருக்குமா என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

இப்போது இரவில் இஷாவுக்குப் பிறகு கசெட் இறக்குகிறோம். எண்பத்துச் சொச்சம் முடிந்திருக்கிறது. போன கிழமை 2003இல் எடுத்த சடங்கு வீடியோவொன்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் இப்போது இல்லாத ஒரு லயம். காமன் கூத்துக்குத் தப்படிக்கிற ஒரு பெரியவர் கெமராவைக் கண்டதும் தப்பை நிறுத்திவிட்டு விறைத்து நிற்கிறார், போட்டோ என்று நினைத்து. மகன் சிரித்துவிட்டு அந்த இடத்தின் நேரத்தை ஒரு கொப்பியில் எழுதினான். அவனாகவே தொடங்கிய கொப்பி அது. எந்தத் தோட்டம், எந்த வருடம், எத்தனையாவது நிமிடத்தில் யார். பெயர் தெரியாத இடத்தில் கேள்விக்குறி.

மேசைக் கண்ணாடிக்கடியில் அந்தச் சிட்டை இன்னும் இருக்கிறது. 2025 மே மாதம் 5060 வெளியான பிறகு ஒருநாள் பார்த்தேன். 125,000ஐ ஒரு கோட்டால் வெட்டி, கீழே வேறொரு தொகை எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், இத்தனை பேர் என்று ஒரு கணக்கும் போட்டிருந்தான்.